காய்ச்சல் தொடங்கியது என்றைக்கு? வைரஸ் மருந்துகளும் தடுப்பூசிகளும்: காவிரி டெல்டா வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீடாமங்கலம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணியே என் பாதி வயது போய்விட்டது. சீட்டை நீட்டுகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "என்னைக்கு ஆரம்பிச்சுது?" பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நாலஞ்சு நாளா இருக்குங்க." இதே மனிதர் நாற்று விட்ட தேதி, நடவு முடிந்த தேதி, மேலுரம் போட்ட தேதி எல்லாவற்றையும் நாள் பிசகாமல் சொல்வார். பிள்ளையின் காய்ச்சல் என்றால் மட்டும் நாலஞ்சு நாள்.

வைரஸ் நோய்களில் அந்த நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே ஒரு மருந்தின் பலனே போய்விடலாம். சில மருந்துகளை 2 நாளுக்குள் தொடங்க வேண்டும், சிலவற்றை 3 நாளுக்குள். சில நோய்களுக்கு நோய் வருமுன் போடும் ஊசி மட்டுமே உண்டு. எதற்கு எது, எப்போது என்பதை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் அளவுகள் டாக்டர் எழுதிய சீட்டைப் புரிந்துகொள்ள மட்டும். கடையில் நீங்களே கேட்டு வாங்க அல்ல.

முதல் படி: காலண்டரில் ஒரு புள்ளி

காய்ச்சல் தொட்ட அன்றே சுவரில் தொங்கும் காலண்டரில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கொப்புளம் தெரிந்த நாள், வாந்தி ஆரம்பித்த நாள், காய்ச்சல் விட்ட நாள் இவற்றையும் குறியுங்கள். தினசரி தாளைக் கிழிக்கும் காலண்டர் என்றால் கிழித்த தாளோடு புள்ளியும் போய்விடும், மாதக் காலண்டரில் வையுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கும் இந்தப் புள்ளி வேண்டும். டெங்குவுக்கு முதல் 5 நாளில் எடுக்கும் என்எஸ்1 சோதனை வேறு, அதற்குப் பிறகு எடுக்கும் ஐஜிஎம் சோதனை வேறு. நாளைத் தப்பாகச் சொன்னால் தப்பான சோதனை நடக்கும். "டெங்கு இல்லை" என்று காகிதம் வரும், உள்ளே டெங்கு இருக்கும்.

இரண்டாவது படி: ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள்

"ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நாளைக்கு அறுப்பு இருக்கு" என்பது நம் ஊர் வழக்கம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸைத் தொடாது. சாதாரணச் சளிக்கு இன்றுவரை மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. அது தானாகப் போகும்.

பாராசிட்டமால் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, இதுதான் பொதுக் கணக்கு. ஆனால் சிரப் 5 மில்லிக்கு 125 என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். அக்கா பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து தங்கை பிள்ளைக்கும் "ஒரு மூடி" ஊற்றிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடியை நம்பாதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

ஃப்ளூ: 48 மணி நேரக் கதவு

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவே இருமும். சளியோடு மெல்ல வருவது வேறு. காலையில் வயலுக்குப் போனவர் மதியம் அடித்துப் போட்டது போலத் திரும்பி, உடம்பெல்லாம் வலி, கடுங்காய்ச்சல், வறட்டு இருமல் என்று படுத்தால் அது ஃப்ளூவாக இருக்க வாய்ப்பு அதிகம். 2009இல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதற்கான மருந்து ஒசெல்டமிவிர். வைரஸ் நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து பல்கிப் பெருகி, வெளியேறி அடுத்த செல்லுக்குப் போகும். வெளியே வர அதனிடம் ஒரு நொதி இருக்கிறது, ஒசெல்டமிவிர் அந்த நொதியைத் தடுக்கிறது. களத்திலிருந்து மூட்டை வெளியேறாமல் கதவைச் சாத்துகிற வேலை. மூட்டையெல்லாம் லாரி ஏறிய பிறகு கதவைச் சாத்திப் பயன் குறைவு. அதனால்தான் அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் என்கிறார்கள். மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு அதற்குப் பிறகும் கொடுப்பதுண்டு.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள். குமட்டல் வரும், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஃப்ளூ வந்த எல்லோருக்கும் இந்த மாத்திரை தேவையில்லை. கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், சின்னக் குழந்தை, சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர் இவர்களுக்குத்தான் அவசரம்.

இந்த மருந்தைத் தயாரிக்க மூலப்பொருளாக எடுத்தது அன்னாசிப்பூவில் இருக்கும் ஷிகிமிக் அமிலம். அதைக் கேள்விப்பட்டு ஒருவர் கால் கிலோ அன்னாசிப்பூ வாங்கிக் கஷாயம் வைத்தார். பல வேதிமாற்றங்களுக்குப் பிறகு கிடைப்பதுதான் மருந்து. அன்னாசிப்பூ குருமாவோடு இருக்கட்டும்.

ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும், வைரஸ் வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதால். போட்டு ஏறத்தாழ 2 வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு வரும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. கர்ப்பிணிகளும் போடலாம், போட வேண்டும்.

கொரோனாவுக்கும் 5 நாளுக்குள் தொடங்க வேண்டிய மாத்திரை உண்டு. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும். அது வேறு பல மாத்திரைகளோடு மோதும் என்பதால், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

அம்மை, அக்கி: அம்மனும் மாத்திரையும்

வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுக்கிற ஊர்க்காரர்களிடம், புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்களிடம் அம்மையைப் பற்றிப் பேசும்போது நாக்கை அடக்கித்தான் பேச வேண்டும். நானும் அந்த மண்தான். வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியார் வரக்கூடாது என்பதும், தனி அறையில் படுக்க வைப்பதும் எவ்வளவு நல்ல ஏற்பாடு! கொப்புளம் வருவதற்கு 1, 2 நாள் முன்பிருந்து எல்லாம் பொருக்குத் தட்டும் வரை சின்னம்மை ஒட்டும். அந்த வேப்பிலை ஊரைக் காக்கிறது.

சிக்கல் ஒன்றுதான். "அம்மா வந்திருக்கா, மருந்து கொடுக்கக் கூடாது" என்று சொல்லிவிடுவது. பெரியம்மை காலத்தில் கொடுக்க மருந்தே இல்லை, அதனால் அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம் இருந்தது. இந்தியாவில் பெரியம்மை 1975இல் கடைசியாகக் காணப்பட்டது. 1980இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி. இப்போது வருவது சின்னம்மை. அதற்கு மருந்து உண்டு.

அசைக்ளோவிர். 1988இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. இது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். உள்ளே போகும் மாத்திரை ஏறக்குறைய செயலற்றது. வைரஸ் தன்னிடமுள்ள நொதியைக் கொண்டு அதைத் தானே கூர்தீட்டிக்கொள்கிறது, பிறகு அதையே தன் மரபணுச் சங்கிலியில் கோக்கிறது, சங்கிலி அங்கேயே அறுந்து நிற்கிறது. வைரஸ் இல்லாத செல்லில் கூர்தீட்ட ஆள் இல்லை. அதனால் நம் உடம்புக்குச் சேதம் குறைவு.

ஆரோக்கியமான சின்னப் பிள்ளைகளுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் இதைக் கொடுப்பதில்லை, அம்மை தானாக இறங்கிவிடும். 12 வயதைத் தாண்டியவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அம்மை கடுமையாக இருக்கும், நுரையீரலுக்குப் போகும். அவர்களுக்குக் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு 800 மில்லிகிராம், நாளுக்கு 5 வேளை, 7 நாள். 5 வேளை என்றதும் மலைக்கிறார்கள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கர்ப்பிணிக்கு அம்மை போட்டாலோ, அம்மை போட்டவர் பக்கத்தில் அவர் இருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. வேப்பிலையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும், மூன்றாம் தண்ணீரும் ஊற்றிக்கொள்ளுங்கள், கோயிலுக்கும் போங்கள்.

அம்மை போட்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, கல்லீரலும் மூளையும் கெடும். புரூஃபன் என்ற வலி மாத்திரையும் வேண்டாம். பாராசிட்டமால் போதும்.

சின்னம்மை இறங்கினாலும் அந்த வைரஸ் நரம்பு வேரில் தூங்கிக்கொண்டிருக்கும். வயதானபின் ஒரு நாள் எழுந்தால் அதன் பெயர் அக்கி. மார்பிலோ இடுப்பிலோ ஒரே பக்கம், பட்டை போலக் கொப்புளம், தீயால் சுட்டது போல எரிச்சல். நம் பக்கத்தில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வார்கள். எழுதுகிறவர் அன்பானவர், காவி குளிர்ச்சியாக இருக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மூன்று முறை எழுத வேண்டும் என்று ஒரு வாரம் போய்விடுகிறது. அக்கிக்கு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அசைக்ளோவிர், அல்லது நாளுக்கு 3 வேளை போதுமான வாலசைக்ளோவிர். தாமதித்தால் கொப்புளம் ஆறிவிடும், வலி மாதக்கணக்கில் நிற்கும், சட்டை உரசினாலே துடிப்பார்கள். என் பெரியம்மா அப்படித்தான் ஒன்றரை வருடம் கிடந்தார். கண்ணுக்குப் பக்கத்தில், மூக்கு நுனியில் அக்கி வந்தால் அன்றைக்கே கண் டாக்டர்.

இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு, அரசு அட்டவணையில் இல்லை. குழந்தைக்குச் சின்னம்மை ஊசி 15ஆம் மாதத்தில் ஒன்று, 4 முதல் 6 வயதுக்குள் ஒன்று. வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டு 3 நாளுக்குள் மற்றவர்களுக்கு இந்த ஊசியைப் போட்டால்கூடப் பெரும்பாலும் தடுத்துவிடலாம், கர்ப்பிணிகளைத் தவிர. அக்கி ஊசி 50 வயதுக்கு மேல், 2 தவணை. விலை அதிகம், சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் காமாலை: எந்த எழுத்து?

கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்து மோரில் குடிப்பது நமக்குத் தெரியும். பலருக்குச் சரியாகிவிடுகிறதே என்பார்கள். கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை வரவைக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்களுக்கு ஏ, பி, சி, ஈ என்று எழுத்தால்தான் பெயர். தண்ணீரால் வரும் ஏ வகை பெரும்பாலும் தானாகவே சரியாகும், ஈ வகையும் அப்படித்தான், பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு. கர்ப்பிணிக்கு ஈ வகை வந்தால் உயிருக்கு ஆபத்து, அங்கே காத்திருக்க முடியாது.

ரத்தத்தால், உடலுறவால், பிரசவத்தில் தாயிடமிருந்து பரவும் பி வகை வேறு கதை. கீழாநெல்லி பி வைரஸை விரட்டுமா என்று சென்னையில் எஸ்.பி. தியாகராஜன், அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் ஆகியோர் செய்த ஆய்வு 1988இல் வெளியாகி உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லியை உலகம் அலட்சியப்படுத்தியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சோதித்துத்தான் பார்த்தார்கள்.

பி வகை நாள்பட்டுத் தங்கினால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர். தினம் ஒரு மாத்திரை, பல வருடம். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்தினால் வைரஸ் திடீரென்று எழும்பி கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடும். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் முற்றிலும் குணமாகிறது: சோஃபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும். மருந்தால் வேரோடு போகும் நாள்பட்ட வைரஸ் நோய் என்று சொல்ல இது ஒன்றுதான் கையில் இருக்கிறது. 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் தடுப்புத் திட்டத்தில் இந்த மருந்துகள் இலவசம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

மருந்தே இல்லாத இரண்டு

டெங்கு. வைரஸை அடக்கும் மாத்திரை கிடையாது. பாராசிட்டமால், நீராகாரம், கஞ்சி, உப்பு சர்க்கரைக் கரைசல். புரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஊசி மூன்றும் ஆகாது, ரத்தக்கசிவு கூடும். எல்லோரும் கோட்டை விடுவது ஒரே இடத்தில்: காய்ச்சல் விட்டதும் "சரியாயிடுச்சு" என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவது. 3 முதல் 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் டெங்கு காலை வாரும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுவது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். நிலவேம்பு குடித்தேன், பப்பாளி இலைச்சாறு குடித்தேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பெயரில் ஜப்பான், இருப்பது நம் வயலில். தேங்கிய நெல்வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, கொக்கு நாரைகளிடமும் பன்றிகளிடமும் இருக்கும் வைரஸை இரவில் மனிதனுக்குக் கொண்டுவரும். மேட்டூர் திறந்து, வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கவனம். காய்ச்சலோடு வலிப்பு, பிதற்றல், கழுத்து விறைப்பு என்றால் மூளைக்காய்ச்சல். பிழைத்தவர்களில் பலருக்குக் கை கால் ஊனம் நின்றுவிடும். வைரஸுக்கு மருந்து இல்லை. தடுப்பூசி உண்டு. இந்நோய் உள்ள மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று, இலவசம்.

நாய்க்கடி: சோப்பு முதலில்

ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் எந்த மருந்தும் காப்பாற்றாது. கடித்த நாளில் சரியாகச் செய்தால் ஏறக்குறைய எல்லோரும் பிழைப்பார்கள். இப்படி இரண்டு முனையில் நிற்கிற நோய் வேறில்லை. அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

கடித்த நிமிடமே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள், நம் கணக்கில் 15 நிமிடம் என்பது பெரும்பாலும் 2 நிமிடம்தான். போர்செட்டில் மோட்டார் ஓடினால் அதுவே போதும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள், எருக்கம்பால் எதையும் அப்பாதீர்கள். தையல் போடச் சொல்லாதீர்கள்.

அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. ரத்தம் வந்த கடி, எச்சில் பட்ட திறந்த புண் என்றால் ஊசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும், ஏனென்றால் தடுப்பூசி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க நாளாகும், அதுவரை காவலுக்கு ஆள் வேண்டும். அது அங்கே இல்லை என்றால் எங்கே கிடைக்கும் என்று கேட்டு அன்றே போங்கள். முதல் ஊசியிலிருந்து 7 நாளுக்குள் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

"தொப்புளைச் சுத்தி 14 ஊசி" என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பழைய மருந்தை நாட்டில் 2004ஆம் ஆண்டோடு நிறுத்தியாகிவிட்டது. 28ஆம் நாள் ஊசியை மறப்பவர்கள்தான் இப்போது அதிகம். அதற்கும் காலண்டர் புள்ளிதான்.

புதன்கிழமை

நம் மாநிலத்தில் தடுப்பூசி நாள் புதன். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்திலா அங்கன்வாடியிலா என்று சொல்வார். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி முதல் ஊசி (தாயிடமிருந்து தொற்றுவதைத் தடுப்பது இதுதான்), போலியோ சொட்டு. 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்க்கான பென்டா ஊசி, போலியோ சொட்டு, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு. 6, 14ஆம் வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும் போலியோ ஊசி. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா, 16 முதல் 24 மாதத்துக்குள் அதன் இரண்டாம் தவணை. பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இதில் இல்லை, தனியாரில் போடும் எம்எம்ஆரில் உண்டு. அது வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடும் வழக்கத்துக்கு நான் எதிரி அல்ல, சங்கிலிக்கு மருத்துவப் பலன் இல்லை என்பதோடு சரி.

தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். "ரெண்டு மாசம் ஆயிடுச்சு, நர்ஸம்மா திட்டுவாங்க" என்று வராமலே இருந்துவிடுகிறார்கள். திட்டினாலும் போடுவார், போங்கள். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அன்றிரவு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய், ஒத்தடம் எதுவும் வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எச்பிவி ஊசியையும் கேட்டு வையுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரானது. பெரியவர்களில் டயாலிசிஸ் செய்பவர்கள், ரத்தத்தைத் தொட்டு வேலை செய்பவர்கள் ஹெபடைடிஸ் பி ஊசியை 0, 1, 6ஆம் மாதங்களில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஐஸ் பெட்டியும் பிளாஸ்டிக் உறையும்

தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். தனியார் கடையில் வாங்கினால் பஸ்ஸில் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவராதீர்கள், ஐஸ் வைத்த டப்பாவில் கேட்டு வாங்குங்கள், அல்லது ஊசி போடும் இடத்திலேயே வாங்குங்கள். அரசுக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது, இரண்டும் ஒரே நிறமானால் போடக்கூடாது. செவிலியரிடம் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு, ஓடு பறந்த வீடுகளிலிருந்து வந்த தாய்மார்கள் பலரிடம் ரேஷன் கார்டும் ஆதாரும் பத்திரமாக இருந்தன, பிள்ளையின் தடுப்பூசி அட்டை மட்டும் நனைந்து கூழாகியிருந்தது. அட்டையை இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். நாய்க்கடி ஊசிச் சீட்டையும், ஹெபடைடிஸ் மாத்திரைச் சீட்டையும் சேர்த்து, நகைக்கடை கொடுத்த அந்தத் தடித்த பிளாஸ்டிக் பை இருக்குமே, அதில் ரேஷன் கார்டோடு போட்டுப் பரண் மேல் வையுங்கள்.